படிகாரம் கரைக்கும் தம்பிமாருக்கு

சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துச் சலவை, சாயப் பட்டறைகளிலும் ஆலைகளிலும் கழிவுநீர்த் தொட்டி பார்க்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிகளுக்கும்,

தறிக்காரர்களுக்குக் கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை நடக்கிறது. பட்டறை முதலாளிமாருக்குச் சங்கம் இருக்கிறது. விவசாயிகளுக்குக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. பட்டறையின் பின்பக்கம், பாய்லருக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் நின்று வாளியில் படிகாரம் கரைக்கிற உங்களை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி வருகிற நாளில்தான் தேடுகிறார்கள். நம் கண்மாய்களுக்குப் போகிற தண்ணீர் எப்படிப் போகிறது என்பதில் பெரும்பங்கு உங்கள் கையில் இருப்பதாக நம்புகிறவன் நான். அதனால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். முதலாளிமார் எடுத்துப் படித்தாலும் மகிழ்ச்சிதான்.

நான் கேட்பது ஒன்றுதான். தினமும், முடிந்தால் ஷிப்டுக்கு ஒரு முறை, தொட்டியில் படிகாரம் விடுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஜாடி சோதனை செய்யுங்கள். அந்த ஒரு மணி நேரத்தை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் தொட்டிக்கு என்ன வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணி தறியிலிருந்து இறங்கும்போது தண்ணீரை உறிஞ்சாது. ஒரு சொட்டு விட்டால் உருண்டு மேலேயே நிற்கும். பருத்தி இழையின்மேல் இயற்கையாகவே மெல்லிய மெழுகு படிந்திருக்கிறது. பாவுக்குப் போட்ட கஞ்சியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அந்தத் துணியை அப்படியே காயத்தின்மேல் வைத்தால் ரத்தம் வழிந்தோடும். காஸ்டிக் சோடாவில் அவித்து மெழுகையும் கஞ்சியையும் கழற்றி, குளோரினிலோ பெராக்சைடிலோ வெளுத்த பிறகுதான் அது மருத்துவத் துணியாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி எதையெல்லாம் இங்கே விட்டுவிட்டுப் போகிறதோ அதெல்லாம் உங்களிடம் வந்து சேர்கிறது. மெழுகு, கஞ்சி, நார்த் தூசி, காஸ்டிக், மிச்சக் குளோரின், உப்பு. சாயப் பட்டறை என்றால் சாயமும் உண்டு. அவியல் தண்ணீரில் பிஎச் பதினொன்று, பன்னிரண்டு என்று நிற்கும்.

இந்தக் கலங்கல் ஏன் தானாகத் தெளிவதில்லை? ஆற்று மணல் ஒரு மீட்டர் ஆழத்தைச் சில நொடிகளில் கடந்து அடியில் போய்விடும். கலங்கலில் இருக்கிற துகள்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சிறிய பொருளுக்கு எடை ஒரு பொருட்டே இல்லை, மின்னூட்டம்தான் எல்லாம். ஏறக்குறைய எல்லாத் துகள்களிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே அலைகின்றன. ஒரு வாரம் காத்திருந்தாலும் அப்படியே இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்கு இது அத்துப்படி. பாலில் புளிப்புப் பட்டிருந்தால் அடுப்பில் ஏறியதும் திரிந்துவிடும். பாலில் உள்ள புரதத் துகள்களும் எதிர்மின்னூட்டத்தால்தான் ஒட்டாமல் பிரிந்து மிதக்கின்றன; அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணித்ததும் ஒட்டித் திரள்கின்றன. கோவா கிண்டுகிறவர் எது நடக்கக் கூடாது என்று பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாரோ, அதை நீங்கள் வேண்டுமென்றே செய்கிறீர்கள். கழிவுநீரைத் திரியவைக்கிறீர்கள்.

திரியவைக்க எத்தனையோ உப்புகள் இருக்கப் படிகாரத்தைத் தேடுவானேன்? அதிலுள்ள அலுமினியம் மூன்று நேர்மின்னூட்டம் கொண்டது. மின்னூட்டத்தின் எண்ணிக்கை ஏற ஏறத் திரியவைக்கும் வலிமை பல மடங்கு ஏறுகிறது என்று 1882இல் சுல்ட்சே என்ற ஜெர்மானியர் கண்டார். 1900இல் இங்கிலாந்தின் ஹார்டி அதை மேலும் நிறுவினார். ஒற்றை மின்னூட்டமுள்ள சோடியம் தேவைப்படுகிற அளவில் எழுநூறில் ஒரு பங்கு போல அலுமினியம் போதும் என்பது பின்னால் வந்த ஏட்டுக் கணக்கு. மழைக்காலத்துக் கலங்கல் தண்ணீருக்குக் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசிய நம் பாட்டிமாரும் இந்த வேலையைத்தான் செய்தார்கள். அந்தக் கொட்டையின் பசை துகள்களைக் கோத்துக் கீழே இறக்கிவிடும்.

பிஎச் விஷயத்துக்கு வருகிறேன். நான் பார்த்த தொட்டிகளில் அதிகம் கோளாறு நடப்பது இங்கேதான். பிஎச் பதினொன்றில் நிற்கிற தண்ணீரில் படிகாரத்தைக் கொட்டினால் திரள் வராது. அந்தக் காரத்தில் அலுமினியம் அலுமினேட்டாக மாறிக் கரைந்தே நிற்கும். படிகாரத்துக்கே அமிலத்தன்மை உண்டு என்பதால், மேலும் மேலும் கொட்டினால் பிஎச் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒரு கட்டத்தில் திரள் கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, ‘நம்ம தண்ணிக்கு நாலு மூட்டை பிடிக்கும்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த நாலில் பெரும்பகுதி, அமிலம் செய்ய வேண்டிய வேலைக்குச் செலவானது. முதலில் அமிலத்தால் பிஎச்சை ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவில் கொண்டுவாருங்கள், அப்புறம் படிகாரம் விடுங்கள்.

காரத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்கிற வழியும் ஒன்று இருக்கிறது. பெரஸ் சல்பேட், நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள். அதற்குப் பிஎச் எட்டரைக்கு மேல் இருந்தால்தான் வேலை ஓடும். மற்ற ஊர்களில் அதற்கென்று சுண்ணாம்பு வாங்கிச் சேர்க்கிறார்கள். உங்கள் அவியல் தண்ணீரில் அந்தக் காரம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இரும்பு மிஞ்சினால் வெளியே போகிற தண்ணீர் காற்றுப் பட்டுப் பழுப்பேறும். படிகாரமா அன்னபேதியா என்பதை உங்கள் ஜாடி சொல்லட்டும்.

அமிலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதை இரண்டு முறை படியுங்கள். குளோரின் வெளுப்புத் தண்ணீர் மிஞ்சியிருக்கிற தொட்டியில் அமிலம் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமான வாயு அது. மேலே போகாது, தொட்டி வாயிலேயே, உங்கள் முகத்துக்கு நேராகத் தங்கும். சோடியம் தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறித்து, சோதனைத் தாளில் குளோரின் இல்லை என்று பார்த்த பிறகு அமிலத்தைத் தொடுங்கள். உங்கள் நிலையத்தில் நுண்ணுயிர்த் தொட்டி இருந்தால் இது அதற்கும் நல்லது. குளோரின் அங்கே போய்ச் சேர்ந்தால் கஞ்சியைத் தின்று வாழ்கிற நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

தண்ணீரை வடித்துவிட்ட தொட்டிக்குள் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். கஞ்சி அழுகிய கசடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். வாயு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை நின்றுவிட்டது என்று நினைத்து இறங்கியவர் விழுவார், அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகள் இப்படி ஒரே நாளில் இரண்டு பேரைப் பறிகொடுத்திருக்கின்றன. வாயுமானி, காற்றூதி, கயிறு, மேலே ஆள் என்று எல்லாம் இல்லாமல் இறங்க மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இனி ஜாடி சோதனை. ஆய்வுக்கூடங்களில் ஆறு துடுப்புகள் சேர்ந்து சுற்றுகிற இயந்திரம் வைத்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி ஆறு, அளவுக் குழல் ஒன்று, பிஎச் மீட்டர் ஒன்று, கலக்கக் குச்சிகள் போதும். பத்து கிராம் படிகாரத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டராக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கரைசலில் ஒரு மில்லி எடுத்து ஒரு லிட்டர் கழிவுநீரில் விட்டால் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் என்று கணக்கு. ஆறு ஜாடியிலும் பிஎச் சரிசெய்த கழிவுநீரை நிரப்பி, முதல் ஜாடிக்குப் பத்து மில்லி, அடுத்ததற்கு இருபது என்று ஏற்றிக்கொண்டே போய்க் கடைசி ஜாடிக்கு அறுபது மில்லி விடுங்கள். அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராமிலிருந்து 600 வரை.

ஒரு நிமிடம் நன்றாக வேகமாகக் கலக்குங்கள். தண்ணீரில் விழுந்த கணத்திலிருந்தே படிகாரம் மாறத் தொடங்கிவிடும். அதற்குள் அது எல்லாத் துகள்களையும் எட்ட வேண்டும். அப்புறம் இருபது நிமிடம் மெதுவாக. இப்போது துகளும் துகளும் மோதி ஒட்ட வேண்டும், ஒட்டித் திரண்டது கிழியக் கூடாது. கிழிந்த திரள் பழையபடி சேராது. இயந்திரம் இல்லாத இடத்தில் இரண்டு பேர் நின்று, ஆளுக்கு மூன்று ஜாடியை மாற்றி மாற்றிக் கலக்கினாலும் பயன்படுகிற விடை கிடைத்துவிடும். பிறகு அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். எந்த ஜாடியில் திரள் முதலில் தெரிந்தது, எது சீக்கிரம் இறங்கியது, மேலே நிற்கிற தண்ணீர் எப்படி இருக்கிறது, அடியில் எவ்வளவு உயரம் படிந்தது என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

300இல் தெளிந்து, 400இலும் தெளிந்து, 600இல் மறுபடி கலங்கினால் குழம்ப வேண்டாம். அளவு மிஞ்சியதால் துகள்கள் இப்போது நேர்மின்னூட்டம் பெற்று மீண்டும் ஒன்றையொன்று தள்ளத் தொடங்கியிருக்கின்றன. ‘தெளியல, இன்னும் ரெண்டு வாளி விடு’ என்ற குரலைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கிறேன். சில நாட்களில் கெடுப்பதே அந்த இரண்டு வாளிதான். ஜாடி பார்க்காமல் அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

நேற்று பார்த்தோமே, இன்றும் எதற்கு என்று கேட்பீர்கள். காலையில் அவியல் தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள், மதியம் வெளுப்புத் தண்ணீர், சாயங்காலம் அலசல் தண்ணீர். துணி வாங்குகிற இடம் மாறினால் கஞ்சியும் மாறுகிறது; ஸ்டார்ச் கஞ்சி திரிகிற மாதிரி பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கலந்த கஞ்சி திரியாது. நேற்றைய அளவு நேற்றைய தண்ணீருக்கு மட்டும்தான் பொருந்தும். வருகிற தண்ணீரையெல்லாம் சேகரிப்புத் தொட்டியில் சேர்த்துக் காற்றடித்துக் கலந்து, ஒரே சீராக்கிய பிறகு மாதிரி எடுங்கள். சேகரிப்புத் தொட்டி சிறிதாக இருக்கிற பட்டறையில் மற்ற எதைச் செய்தாலும் அலைக்கழிப்புத்தான். விரிவாக்கத்துக்குச் செலவு செய்கிற முதலாளிமார் முதலில் அந்தத் தொட்டியைப் பெரிதாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு மணி நேரம் கேட்கப் போகும்போது இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவுநீர் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வீதம் படிகாரம் 50 கிலோ. சோதனையில் 300 போதும் என்று தெரிந்தால் 30 கிலோ. நாளுக்கு 20 கிலோ மிச்சம். மாதம் 25 நாள் ஓடுகிற பட்டறையில் 500 கிலோ. அந்தப் படிகாரத்திலிருந்து உருவாகியிருக்கும் கசடும், அதாவது ஸ்லட்ஜும், அதற்கேற்பக் குறையும். முதலாளிக்கு இந்த மொழி புரியும்.

படிகாரத்துக்குத் துணையாக விடுகிற பாலிஎலக்ட்ரோலைட்டை, நாம் பாலி என்கிறோமே, அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீளமான சங்கிலி அது. சிறு திரள்களைப் பிடித்துக் கட்டிப் பெரிதாக்கும். லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும். பொடியை மொத்தமாகக் கொட்டினால் உள்ளே கரையாத கட்டிகள் நின்றுவிடும். சுழல்கிற தண்ணீரில் தூவித் தூவி விட்டு, ஒரு மணி நேரமாவது ஊறவிடுங்கள். படிகாரம் வேலையை முடித்த பிறகுதான் பாலி. இரண்டையும் ஒரே வாளியில் கலக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. இதற்குத் தமிழ்நாடு திருப்பூரில் பெரும் விலை கொடுத்துவிட்டது. 1990களில் அங்கே சாயப் பட்டறைகள் தனித்தனியாகவும் கூட்டாகவும் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட், பாலி என்று உங்கள் தொட்டியில் நடக்கிற அதே வேலைதான். நிறம் பெருமளவு இறங்கியது. துணியில் சாயம் ஏறுவதற்காகக் கொட்டிய உப்போ அப்படியே நொய்யலுக்குப் போனது. கரைந்த உப்பு படிகாரத்துக்கும் அகப்படாது, அன்னபேதிக்கும் அகப்படாது. நாம் போடுகிற படிகாரத்தின் சல்பேட்டும் தண்ணீரிலேயே நின்று டிடிஎஸ்ஸை, அதாவது கரைந்த திடப்பொருளின் அளவை, கொஞ்சம் கூட்டத்தான் செய்யும்.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அதில் சாயக் கழிவு தேங்கி, தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணைத் தண்ணீரை விவசாயியே வேண்டாம் என்ற ஊர் அது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006இல் கடுமையான உத்தரவு வந்தது. 2011 ஜனவரியில், ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை எட்டாத பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். இன்று அங்கே சுத்திகரிப்புத் தொட்டிகளுக்குப் பின்னால் ஆர்ஓ வடிகட்டியும் ஆவியாக்கியும் நிற்கின்றன.

பேண்டேஜ் துணிக்குச் சாயம் இல்லையே, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். காஸ்டிக் தண்ணீரில் நீங்கள் ஊற்றுகிற கந்தக அமிலம் அதோடு சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகிறது. அதுவும் உப்புதான். வாரியத்தின் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் டிடிஎஸ். பளிங்காகத் தெரிகிற தண்ணீரும் அதைத் தாண்டி நிற்கலாம். அதனால் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். உப்பும் காரமும் செறிந்த முதல் அவியல் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்து, அலசல் தண்ணீரோடு கலக்காமல் வைக்கச் சொல்லுங்கள். குறைந்த அளவு கெட்ட தண்ணீரை ஆவியாக்குவது நடக்கிற காரியம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எந்த இயந்திரத்துக்கும் அது பெரும் பாரம். இந்தக் குழாய் வேலையை முதலாளிதான் செய்ய முடியும், நீங்கள் கேட்க முடியும்.

தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்தது எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலையில் தோல் கழிவுநீர் நிலையத்தின் ஸ்லட்ஜ் தேக்கிய தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கசடு பாய்ந்து பத்துப் பேர் இறந்தார்கள். வெளியூரிலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள்தான் அவர்களில் பெரும்பாலோர். நம் பட்டறைகளின் ஸ்லட்ஜ் தோல் கழிவு போல நச்சு மிகுந்ததாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில், கழிவுநீரிலிருந்து வருகிற ரசாயனக் கசடு பட்டியலில் உள்ள பொருள். கும்மிடிப்பூண்டியிலும் நம் மாவட்டத்துத் திருச்சுழிப் பக்கத்திலும் அதற்கென்று கிடங்குகள் இருக்கின்றன. தென்னைக்கு உரமாகக் கேட்டு வருகிறவரிடம் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் ஓடைக்கரையில் தள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். படிந்ததை மறுபடி தண்ணீரில் விடுவதற்கா இவ்வளவு பாடு?

மேற்கே செண்பகத்தோப்பையும் அய்யனார் கோவில் மலையையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1988இல் அந்தக் காடு சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமானது, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தது. அய்யனார் கோவில் பக்கத்து மலைத் தண்ணீரை ராஜபாளையம் குடிக்கிறது. அதே மலையின் மழை கண்மாய் கண்மாயாக நிறைந்து, ஒன்றின் மறுகால் அடுத்ததற்குப் பாய்ந்து, தேவியாறு, கயல்குடியாறு, அர்ச்சுனா நதி என்று பல பெயர்களில் ஓடி வைப்பாற்றில் சேர்கிறது. ஆடி மாதம் இருக்கன்குடியில் குளித்துவிட்டு மாரியம்மனைக் கும்பிடப் போகிற கூட்டத்தில் உங்கள் வீட்டாரும் இருப்பார்கள். அங்கே ஓடுகிற தண்ணீருக்கு மேலே, மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் நீங்கள்.

நாளைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, ஷிப்ட், வந்த தண்ணீரின் பிஎச், டிடிஎஸ், ஆறு ஜாடியிலும் கண்டது, தேர்ந்த அளவு, தொட்டியில் விட்ட கிலோ, எடுத்த ஸ்லட்ஜ் மூட்டை என்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். ஜாடியில் வந்ததும் தொட்டியில் வந்ததும் ஒத்துப்போகாத நாட்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அந்த நாட்களில்தான் கலக்கியோ பம்போ சேகரிப்புத் தொட்டியோ சரியில்லை என்று பிடிபடும். ஒரு மாதம் எழுதிய பிறகு பக்கத்துப் பட்டறைத் தம்பியின் நோட்டையும் உங்களுடையதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் ராஜபாளையம் கல்லூரிகளிலும் வேதியியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அவர்களை வரவழைத்து உங்கள் ஜாடிகளைக் காட்டுங்கள். சந்தேகம் கேளுங்கள், அவர்கள் கேட்டால் விளக்குங்கள். பிஎச் மீட்டரை வாரம் ஒரு முறை அளவுத்திருத்தம் செய்ய மறக்காதீர்கள்.

அன்புடன்,
ஆய்வுக்கூட வேலையில் உங்களுக்கு மூத்த ஒருவன்
ராஜபாளையம்